லாரிக்காரர்களின் தூக்கம்: ஓர் ஆய்வு

கல்லுப்பாளையம் கலைக் கல்லூரியில் மூன்றாமாண்டு பொருளியல் படித்த கோகிலவாணியின் ஆய்வைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் தூங்கிப்போனார்கள் என்று கேள்விப்பட்டபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தக் கல்லூரியில் எழுதப்பட்ட மற்ற ஆய்வுகளைக் கையில் எடுத்தவர்கள் மட்டும் விழித்திருந்தார்களா என்ன. தூங்கியவர்கள் வேறு யாரோ காண வேண்டிய கனவைக் கண்டுவிட்டு எழுகிறார்கள் என்று தெரிந்தபோதுதான் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார்கள். அந்த ஆச்சரியமும் மாசியோடு போயிற்று. பங்குனி பிறந்தபோது, தண்ணீர் லாரி வருவதுபோல, மின்சாரம் போவதுபோல, அதுவும் ஊரில் நடக்கிற காரியங்களில் ஒன்றாகிவிட்டது.

நாமக்கல் பக்கம் லாரியால் வாழ்கிற ஊர்களில் கல்லுப்பாளையமும் ஒன்று. அங்கே ஒரு வீட்டில் ஓட்டுநர் இல்லையென்றால் கிளீனர் இருப்பார், கிளீனரும் இல்லையென்றால் தார்ப்பாய் தைக்கிறவரோ, வண்டியின் பின்பலகையில் தாமரைப்பூ வரைகிறவரோ இருப்பார். ஆண்கள் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால், நாசிக் வெங்காயத்தையும் ராஜஸ்தான் கல்லையும் மாற்றி மாற்றிச் சுமந்து, திரும்பி வரும்போது பிள்ளைகள் ஒரு விரற்கடை வளர்ந்திருப்பார்கள்.

கோகிலவாணியின் அப்பா அர்த்தனாரியும் அப்படித்தான் வந்து போனார். ஆனால் அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், கட்டிலின் விளிம்பில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, பிரேக்கில் கால் வைத்திருப்பவர்போல் ஒரு பாதத்தை மட்டும் முன்னால் நீட்டி வைத்துக்கொள்வார். "சித்தெ படுங்கப்பா" என்றால், "வண்டியிலயே தூங்கிட்டு வந்துட்டேன் சாமி" என்பார். வண்டியில் கூடப் போன கிளீனர்களோ, "அண்ணன் வூட்டுல போய்த் தூங்கிக்கறன்னு சொல்லிருமுங்க" என்றார்கள். வண்டியில் கேட்டால் வீட்டில் தூங்குவதாகவும் வீட்டில் கேட்டால் வண்டியில் தூங்கியதாகவும் சொல்கிற ஒரு மனிதரின் தூக்கம் பின்னே எங்குதான் போகிறது என்பது, அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவளுக்குள் கிடந்த கேள்வி. ஒரு மகள் அதை வீட்டில் வைத்துக் கேட்க முடியாது. ஆய்வு என்று சொன்னால் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

துறையில் அவளுக்கு வழிகாட்டி மல்லிகேஸ்வரி மேடம். தலைப்பைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தூக்கமெல்லாம் பொருளியல்ல வராது கண்ணு. வருமானம், கடன், சேமிப்பு, இதப் போடு. 'லாரி ஓட்டுநர்களின் சமூகப் பொருளாதார நிலை, ஓர் ஆய்வு.' தூக்கத்தக் கடைசிக் கேள்வியா வச்சுக்கோ. அவ்வளவு தூரம் யாரும் படிக்க மாட்டாங்க."

அந்தத் துறையில் எல்லாருடைய ஆய்வுக்கும் அதுதான் தலைப்பு. தொழில் மட்டும் மாறும். ஒருவருக்கு விசைத்தறி, இன்னொருவருக்குச் செங்கல்சூளை. தை மாதம் கேள்வித்தாள் அச்சாகி வரும், மாசியில் மாணவர்கள் எல்லோரும் கேண்டீன் பக்கத்துப் புங்கமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு நாலு நிறப் பேனாக்களை வைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் சொல்ல வேண்டிய பதில்களைத் தாங்களே எழுதி முடிப்பார்கள். ஒரே கையெழுத்தாகத் தெரியக்கூடாது என்பதற்காக இடது கையால் எழுதுகிறவர்களும் உண்டு. யாரும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை; அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதுபோல அது ஒரு முறை.

கோகிலவாணியின் தோழி ஷாகிரா கோழிப்பண்ணைப் பெண்களை எடுத்திருந்தாள்.

"இந்தப் பச்சைப் பேனா பாவாத்தா, வயசு நாப்பத்தஞ்சு" என்றாள். "ரெண்டு புள்ளைக குடுத்துட்டேன். சம்பளம் என்னடி போடறது?"

"பண்ணைக்குப் போய்க் கேட்டுட்டு வாயேன்."

"கோழி நாத்தம் எவ தாங்குவா? உனக்குக் கொழுப்பு. வெயில்ல போய்க் கருத்துட்டு வா. வெளியூர்ல இருந்து மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் ரெண்டு நிமிசம் பொரட்டுவாரு, முந்திரிப் பருப்பத் தின்னுட்டுக் கையெழுத்துப் போடுவாரு. அவ்வளவுதான் வைவா."

கோகிலவாணி வெயிலில் போனாள். எடைமேடையில் வரிசையாக நிற்கும் லாரிகளிடம் போனாள், பட்டறை வாசலில் பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தவர்களிடம் போனாள், புறவழிச்சாலை டீக்கடை பெஞ்சுக்குப் போனாள். அர்த்தனாரியின் மகள் என்பதால் எல்லோரும் அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வருமானத்துக்குப் பொய் சொன்னார்கள், கடனுக்குச் சிரித்தார்கள். கடைசிக் கேள்வியை அவள் தலை நிமிர்ந்து கேட்டாள். 'கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எங்கே?'

"நிம்மதியாவா?" என்றார் காளியண்ணன். பெருத்த மீசைக்காரர், வாய் ஓயாதவர். "அதை நாக்பூர் தாண்டி ரோட்டோரத்துல எறக்கி வச்சுட்டு வந்தேன் அம்மணி. உங்க காலேஜு வண்டி அந்தப் பக்கம் போனா எடுத்துட்டு வரச் சொல்லு."

டீக்கடையே சிரித்தது. ஆனால் அவள் பேனாவை எடுக்கவில்லை, காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியபின் காளியண்ணன் டீ கிளாஸைப் பார்த்தபடி வேறொரு பதிலை மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது சொன்னபடியே அவள் எழுதினாள். அவருக்குப் பிறகு நல்லப்பன் சொன்னார், பேசவே கூச்சப்படுகிறவர். அதற்குப் பிறகு யாரிடமும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. தங்களிடம் அதைக் கேட்க ஒரு ஆள் வரும் என்று காத்திருந்தவர்களைப்போல அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள், கோகிலவாணியின் பை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது, காகிதத்தின் கனம் அல்ல அது, ஈரத் துணியின் கனம்.

அப்பா லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு காலையில் அவருக்கும் ஒரு தாளை நீட்டினாள். பெயர், வயது, கடன் எல்லாவற்றையும் அவளே எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் பாக்கி. "எனக்கென்ன சாமி, நல்லாத்தான் தூங்கறேன்" என்று சொல்லிவிட்டு அர்த்தனாரி டயரில் காற்றுப் பார்க்க எழுந்து போய்விட்டார். அவள் எதைக் கேட்பதற்காக அந்த ஆய்வையே எழுதினாளோ அந்த வரி வெறுமையாக நின்றது.

முதலில் தூங்கியது அவளுடைய அம்மா பழனியம்மாள். அடுப்படி அலமாரியில் கோகிலவாணி வைத்துவிட்டுப் போன தாள்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து, மகள் குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்த சத்தத்தில் விழித்தாள்.

"கிணத்து மேட்டுல ஒரு வூடு கண்ணு. பச்சைக் கதவு. ஒருத்தி தலைய விரிச்சுப் போட்டு சாம்பிராணி காட்டிக்கிட்டு நிக்கறா. நான் வாசல்ல செருப்பக் கழட்டறேன், கழட்டறேன், கழலவே மாட்டேங்குது. ஆரு அவ?"

அது நல்லப்பனின் வீடு என்று கோகிலவாணிக்குத் தெரியும். அந்தச் செருப்பும் தெரியும்; அவர் சொல்ல அவளே எழுதியது.

அடுத்தது மல்லிகேஸ்வரி மேடம். திருத்துவதற்காகக் கட்டைப் பிரித்தவர் ஆசிரியர் அறையில் மேசைமீது கவிழ்ந்து தூங்க, அவரை எழுப்பப் போன தமிழ்த்துறை ஐயாவும், அவரைத் தேடிப் போன அலுவலகப் பணியாளரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தூங்கினார்கள். எழுந்தபோது மூவரும் ஒரு நெடுஞ்சாலையோரத்து ஆலமரத்தைப் பற்றி ஒரே குரலில் பேசினார்கள். நடந்தது இதுதான் என்று அதன்பின் ஊருக்கே விளங்கிவிட்டது: லாரிக்காரர்கள் தூங்காமல் விட்ட தூக்கம் எல்லாம் வந்து அந்தப் பெண்ணின் தாளில் தங்கிவிட்டது. எதனால் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, தூங்காத மனிதரின் மகள் என்பதாலோ என்னவோ.

பல் முளைக்கிற குழந்தையோடு அல்லாடிய தாய்மார்கள் ஒரு தாள் கேட்டு வந்தார்கள், வாங்கிப் போய்த் தூளியின் கயிற்றில் செருகினார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த ஏக்கத்தில் கண் மூடாதிருந்த தையல்கடைக்காரர் வந்தார், வட்டிக்கு விட்டவரும் வட்டிக்கு வாங்கியவரும் ஒரே மத்தியானம் வந்து ஒரே பாயில் படுத்தார்கள், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டுப் பக்கம் அந்தத் தாள்களை எடுத்துப் போகக்கூடாது என்று பேரூராட்சியில் பேசி முடிவானது, கொடுக்கிற தாளைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிவிட வேண்டும் என்று கோகிலவாணியின் அம்மா கண்டிப்பாகச் சொன்னாள், மாத்திரைக் கடைக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு அவரும் ஒரு தாள் வாங்கிப் போனார். தூங்கி எழுந்தவர்கள் யாருடைய கனவைக் கண்டார்களோ அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது, யாரும் சொல்லாமலே ஊர்ப் பழக்கமாயிற்று.

நல்லப்பனின் மனைவி ருக்குமணியிடம் தையல்கடைக்காரர் போய் நின்றார்.

"சொல்லவே வெக்கமா இருக்குது ஆத்தா. உன்ர ஊட்டுக்காரரு கனவு எனக்கு வந்திருச்சு."

"என்னத்தப் பாத்தீங்கண்ணா?" என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா ஒண்ணுமில்ல. நீ சாம்பிராணி காட்டற. அவரு வெளிய நின்னுக்கிட்டு, உள்ள வரலாமா வேண்டாமான்னு நிக்கறாரு."

ருக்குமணி கதவிலிருந்து கையை எடுத்தாள். "அவருகிட்ட யாராச்சும் பேசினா, உள்ளயே வரச் சொல்லுங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து அவள் தினமும் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

இப்படியே போயிருந்தால் ஊருக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் காளியண்ணன் திரும்பி வந்தார். கண்கள் செங்கல் நிறத்தில் இருந்தன. தன்னுடைய தாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வட்டிக்கடைக்காரர் குறட்டை விடுவதைப் பார்த்தார்.

"அட கெரகமே" என்றார். "நாங்க முழிச்சுக்கிட்டு ஸ்டேரிங் புடிக்கோணும், எங்க தூக்கத்த எடுத்து ஊரே தூங்கோணுமா? எந்திரிய்யா. அது என்ர தூக்கம். ஆறு மாநிலத்துல சேத்தது."

தாளைப் பிடுங்கிக்கொண்டு கல்லூரி வேப்பமரத்தடிக்குப் போய்த் தார்ப்பாயை விரித்துப் படுத்தார். மறுநாள் உச்சிப் பொழுதுக்குத்தான் எழுந்தார். எழுந்தவரின் முகத்தைப் பார்த்து அவர் மனைவியே, "ஆரு, உங்க தம்பிங்களா?" என்று கேலி செய்தாள், அவ்வளவு வயது குறைந்திருந்தது. தாளை எடுத்துப் பார்த்தால், அச்சடித்த கேள்விகள் மட்டும் இருந்தன. பதில்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. கோகிலவாணி படியெடுத்து வைத்திருந்த பிரதியிலும் அந்த வரிகள் இல்லை. ஆய்வின் மூன்றாம் அதிகாரத்தில் அவரைப் பற்றி எழுதிய பத்தியும் இல்லை. மற்றவர் தூங்கினால் தாள் அப்படியே இருக்கும், உரியவர் தூங்கினால் வெளுத்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மல்லிகேஸ்வரி மேடம் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"இன்னும் ஒருத்தர்கூடத் தன் தாளத் தொடக்கூடாது. பின்னிணைப்பு இல்லாத ஆய்வ எக்ஸ்டர்னல் ஏத்துக்க மாட்டார். இதுல போச்சுன்னா பட்டம் போச்சு, சேலத்துல மேல படிக்கிற சீட்டும் போச்சு. உங்கப்பாகிட்ட என்னன்னு சொல்லுவ? வைவா முடியட்டும், அப்புறம் அவங்க ஆசை தீரத் தூங்கட்டும். சித்திரை வரைக்கும்தானே?"

சொன்னதில் தப்பில்லை. சித்திரை வரைக்கும்தான். கோகிலவாணி கட்டைத் துறையின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். காளியண்ணனைப் பார்த்துவிட்டு மற்ற ஓட்டுநர்கள் வந்தார்கள்; செய்தி சாலை வழியாகப் பரவி, வடக்கே இருந்தவர்கள்கூட லோடைக் கைமாற்றிவிட்டு வந்தார்கள். அவள் கல்லூரி வாசலில் நின்று, "வைவா முடியட்டுங்கண்ணா, இன்னும் கொஞ்ச நாள்" என்றாள். யாரும் சண்டை போடவில்லை. "படிப்புன்னா அப்படித்தான் அம்மணி, நீ முடி" என்று சொல்லிவிட்டு, சிவந்த கண்களோடு மறுபடி வண்டி ஏறினார்கள். நல்லப்பன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார், வேறு எதையோ கேட்க வந்தவர்போல, பிறகு அவரும் போனார்.

மூன்றாம் நாள் நல்லப்பனின் லாரி கர்னூலுக்குப் பக்கத்தில் சாலையை விட்டு இறங்கி ஒரு பருத்திக் காட்டுக்குள் ஓடி நின்றது. அவருக்கு ஒன்றுமில்லை, நெற்றியில் ஒரு கீறல். வண்டியைச் சுற்றிப் பருத்தி வெடித்து வெள்ளை வெளேரென்று கிடந்ததாம், கண் விழித்தவர் தான் செத்துப்போய்விட்டதாகவே நினைத்தாராம். இதை டீக்கடையில் சிரிப்புச் செய்தியாகத்தான் சொன்னார்கள். கோகிலவாணி சிரிக்கவில்லை. நேராகத் துறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள்.

"அடியேய், கிறுக்கா உனக்கு?" என்று ஷாகிரா பின்னாலேயே ஓடி வந்தாள். "சரி, திறந்து விடு. வெளுத்த தாள நாம நிரப்பிக்கலாம். நாலு பேனா நான் தர்றேன். எல்லாருக்கும் நல்லாத் தூக்கம் வருதுன்னு எழுதிருவோம்."

"வர்றவங்க தூங்கி எந்திரிக்கட்டும் ஷாகிரா. அவங்க தலைமாட்டுல உட்காந்துக்கிட்டு அவங்க பேர்ல பொய் எழுத என்னால ஆகாது."

"உருப்பட மாட்ட" என்றாள் ஷாகிரா. பிறகு தாளைத் தொட்டால் தூங்கிவிடுவோம் என்று தள்ளி உட்கார்ந்து, ஆள் பார்த்துப் பெயர் கூப்பிட அவளும் சேர்ந்துகொண்டாள்.

கல்லூரி மைதானத்தில் வேப்பமரத்தடி எல்லாம் தார்ப்பாய்கள் விரிந்தன. காக்கிச் சட்டைகளைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு ஓட்டுநர்கள் தூங்கினார்கள், வாய் திறந்து தூங்கினார்கள், கால்களை அகட்டித் தூங்கினார்கள், கைகளில் பல வருடங்களாக இருந்த ஸ்டேரிங் வட்டம் மெல்ல மெல்ல அவிழ விரல்களை விரித்துக்கொண்டு தூங்கினார்கள். அவர்களுடைய மனைவிமார் சாப்பாட்டுத் தூக்குகளோடு வந்து, எழுப்ப மனமில்லாமல், முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ருக்குமணி ஈரக் கூந்தலோடு வந்து உட்கார்ந்தாள். ஊர்க்காரர்கள் இனித் தாள் கேட்டு வர முடியாது என்று தெரிந்து, பழையபடி மாத்திரைக்கும் கொட்டாவிக்கும் திரும்பினார்கள். கொஞ்சம் வருத்தம் இருந்தது, ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. கோகிலவாணியின் ஆய்வு மட்டும் அதிகாரம் அதிகாரமாக வெளுத்துக்கொண்டே வந்தது. கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்து வாங்கிய நாளில், உள்ளே நன்றியுரை இருந்தது, பொருளடக்கம் இருந்தது, அப்புறம் வெள்ளை.

ஓட்டுநர்கள் எல்லோரும் தூங்கி எழுந்து போனார்கள், அர்த்தனாரியைத் தவிர. தாளில் வரியில்லாதவருக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்.

வைவா அன்று காலை அவர் அவளைத் தன் லாரியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் துறை வராந்தாவில் வந்து நின்றார்.

சேலத்திலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் துரைக்கண்ணு, ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறவர். மதிப்பெண்ணை வெட்டுவதால் மாணவர்கள் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் முந்திரிப் பருப்பைத் தொடவில்லை. கோகிலவாணியின் ஆய்வைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார், பின்னிணைப்புக் கட்டை அவிழ்த்தார்.

"நாலு பேனாகூடக் கிடைக்கலையாம்மா உனக்கு? மத்தவங்களாவது கஷ்டப்பட்டுப் பொய் எழுதிக் கொண்டுவருவாங்க."

பின்வரிசையில் மாணவர்கள் குனிந்துகொண்டார்கள். கோகிலவாணி நடந்ததைச் சொன்னாள். தாளே இல்லாமல், ஓட்டுநர்கள் யார் யார் என்ன சொன்னார்கள் என்று பெயர் சொல்லிச் சொன்னாள், அவர்கள் தூங்கியதையும் சொன்னாள்.

"கதை நல்லா இருக்கு. நான் பஸ்ல வந்தது ஆய்வுக்கு மார்க் போட. கதைக்கு மார்க் கிடையாது." அவர் தாள்களை அடுக்கப் போனவர், ஒன்றில் மை இருப்பதைப் பார்த்து நிறுத்தினார். "இது யாரு? இவர் மட்டும் வெளுக்கலையே?"

"அவர் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லலைங் சார். வீட்டுல கேட்டுப் பார்த்தேன். எங்கப்பாங்."

"எங்க இருக்கார்?"

"வெளிய நிக்கறாருங்."

"கூப்பிடு. ஒரு பதிலாவது என் கண்ணால பார்க்கிறேன்."

"சார், அப்படி வழக்கமில்லை" என்றார் மல்லிகேஸ்வரி மேடம்.

"தாளெல்லாம் வெள்ளையா வர்றது மட்டும் வழக்கமாம்மா?"

அர்த்தனாரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார். மேசை, மேசைமேல் காகிதம், காகிதத்தின் பின்னால் சிவப்புப் பேனாவோடு ஓர் அதிகாரி. சோதனைச் சாவடியிலும் சுங்கச் சாவடியிலும் நின்று நின்று, அந்த மூன்றும் சேர்ந்திருக்கிற இடத்தில் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிப் பழகியவர் அவர். கைகள் தானாகக் கட்டிக்கொண்டன. துரைக்கண்ணு பெயர் கேட்டார், சொன்னார். வயது கேட்டார், சொன்னார்.

"கடைசியா நிம்மதியாத் தூங்கினது எங்க?"

"ஈரோடு ஆஸ்பத்திரி வராண்டாங் சார்" என்றார் அர்த்தனாரி.

கோகிலவாணி தலை நிமிர்ந்தாள்.

"இவ பொறந்த அன்னிக்குங். கட்டாக்குல இருந்து எங்கியும் நிறுத்தாம வந்தேன். புள்ளைய என்ர மடியில வச்சாங்க. எத்தனையோ டன்னு ஏத்தியிருக்கறனுங், அந்தப் பாரத்துக்குத்தான் உடம்பு நடுங்குச்சு. உட்காந்தபடியே தூங்கிட்டேன். அப்படியொரு தூக்கம் அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்லீங். முழிச்சுப் பார்த்தா மடியில புள்ளையக் காணம்." அவர் கை அடிவயிற்றுக்குப் போய்த் திரும்பியது. "நர்ஸம்மா எடுத்துட்டுப் போயிருக்காங்க. எனக்கு அது தெரியாதுங்ல்ல. கீழ போட்டுட்டனாட்டம்னு தரையெல்லாம் தேடினேன் சார். அதோட சரிங். கண்ண மூடினா மடியில புள்ள இருக்கற மாதிரியே இருக்குது. தூங்கினா உழுந்துருமேன்னு கை இறுகிக்குது. என்ன பண்றதுங்."

துரைக்கண்ணு ஒரு சொல் விடாமல் சிவப்பு மையில் எழுதினார். கடைசி எழுத்தை முடித்துப் புள்ளி வைத்தபோதே அவர் தலை சாய்ந்தது. மல்லிகேஸ்வரி மேடம் கண்ணாடியோடு கவிழ்ந்தார். முதல் வரிசை தூங்கியது, பின்வரிசை ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியது, கதவோரம் நின்ற பணியாளர் கதவோடு சரிந்து உட்கார்ந்து தூங்கினார். மின்விசிறிகளுக்குக் கீழே, அத்தனை பேர் மூச்சுக்கு நடுவே, அப்பாவும் மகளும் மட்டும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க என்னைக் கீழ போடலைங்கப்பா" என்றாள் கோகிலவாணி. "பாருங்க. இங்கதான் நிக்கறேன்."

அர்த்தனாரி பார்த்தார். லோடு ஏற்றியபின் வண்டியைச் சுற்றி வந்து கயிறும் முடிச்சும் பார்க்கிறவர்போல, அவள் பாதங்களிலிருந்து தொடங்கி, தாவணி வயதில் தான் பார்க்காமல் விட்ட உயரம் வரைக்கும், நெற்றிப் பொட்டு வரைக்கும், நிதானமாகப் பார்த்தார். எங்கும் உடைந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கைகளை மடக்கி மேசைமேல் வைத்து, அதன்மேல் தலையை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்னால் நீட்டியிருந்த பாதம் மெல்லப் பின்னால் வந்து மற்றப் பாதத்தோடு சேர்ந்துகொண்டது.

சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

துரைக்கண்ணு விழித்ததும் முதலில் இரு கைகளாலும் தன் மடியைத் தடவினார். பதறி எழுந்து மேசைக்கடியில் பார்த்தார். பிறகு எதிரே நின்ற பெண்ணைப் பார்த்தார், அவ்வளவு பெரியவளாக, அவ்வளவு முழுசாக. பார்த்து, நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். தன் கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் தாள் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் பெஞ்சில் தூங்குகிற மனிதரைப் பார்த்துவிட்டுக் குரலை விழுங்கிக்கொண்டார்.

"முடிவுரை?" என்று கிசுகிசுத்தார்.

கோகிலவாணி பெஞ்சைக் காட்டினாள்.

அவர் மதிப்பெண் பட்டியலை இழுத்து, காகிதம் சரசரக்காதபடி ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டார். விழித்துக்கொண்ட மல்லிகேஸ்வரி மேடம் எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கத்தரி அந்த எண்ணை அதுவரை யாருக்கும் போட்டதில்லை.

அடுத்து ஷாகிராவின் பெயரை அவர் உதடு மட்டும் அசையக் கூப்பிட்டார். அவள் நுனிக்காலில் நடந்து வந்து, கோழிப்பண்ணைப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலையை அவர் காதோரம் குனிந்து ரகசியம் போலச் சொன்னாள். அப்படித்தான் அன்று எல்லா வைவாவும் நடந்தது, கேள்வியும் கிசுகிசுப்பு, பதிலும் கிசுகிசுப்பு, கிசுகிசுப்பில் பொய் சொல்வது சிரமமாக இருந்ததால் பலபேர் உள்ளதைச் சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டார்கள், அவரும் கொடுத்தார். மணி அடிக்க வந்தவர் கட்டையை ஓங்கியபடியே நின்றுவிட்டுத் தாழ்த்திக்கொண்டார். அடுத்த துறைக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவைக் கடந்தார்கள். சேலம் பஸ் போயிற்று, அதற்கடுத்த பஸ்ஸும் போயிற்று, துரைக்கண்ணு எழுந்திருக்கவில்லை. ஷாகிரா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கோகிலவாணியின் அருகில் வைத்து, உட்காரடி என்று சைகை காட்டினாள்.

கோகிலவாணி உட்காரவில்லை. அப்பா கண் திறக்கிறபோது, தரையில் எங்கும் தேட வேண்டியில்லாமல், நேராகத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று, அந்த மத்தியானம் முழுவதும் தன் இரண்டு கால்களில் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.